தேய்ந்துபோன கோடு என்று நினைத்தேன்

எனக்கு வரையத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. முப்பது வருஷமாகப் படங்களோடுதான் பிழைப்பு என்று யாரிடமாவது சொன்னால், அடுத்த நிமிஷமே "அப்ப எங்க பாப்பாவை ஒரு படம் வரைஞ்சு குடுங்களேன்" என்று கேட்டுவிடுகிறார்கள். என் வேலை ரீடச்சிங். அடுத்தவர் வரைந்ததை அச்சு மெஷினுக்குத் தோதாகச் சரிபண்ணிக் கொடுப்பது. முதல் பத்து வருஷம் சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகம், அதற்கப்புறம் சென்னை.

அதனால் பிடித்த ஓவியர்கள் யார் என்று கேட்டால் கண்காட்சிக்குப் போய்க் கைகட்டி நின்று பார்த்தவர் சொல்கிற மாதிரி எனக்குச் சொல்ல வராது. நான் பார்த்ததெல்லாம் மூக்கு தனி, விரல் தனி, புடவைக் கரை தனி என்று பெரிதாக்கிப் பார்த்ததுதான். முழுப் படத்தைப் பார்ப்பது பெரும்பாலும் கடைசியில், அதுவும் தப்பு நடந்த பிறகு.

சிவகாசியில் நான் சேர்ந்தபோது எல்லாம் ஃபிலிம். கீழே விளக்கு எரியும் கண்ணாடி மேஜையில் நாலு கலருக்கும் நாலு பாசிட்டிவைப் பரப்பி வைத்துக்கொண்டு, கண்ணில் லென்ஸை வைத்துக் குனிந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் நிமிர வேண்டும். ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பம், அதாவது ஆர்டர் பிடிக்கக் காட்டுகிற மாதிரிப் புத்தகம், வெளியாகும், அதற்கு முந்தைய மாதங்களில் தூக்கமே கிடையாது. சாமி படங்களில் பாதிக்கு மேல் பழைய படங்கள்தான். அதிலும் காலண்டர் ஓவியர் கொண்டையராஜுவின் படமோ அவர் சீடர்கள் படமோ அதைப் பார்த்து வரைந்த யாரோ ஒருவரின் படமோதான் திரும்பத் திரும்ப வரும். எனக்கு அப்போது வயது இருபத்திரண்டு, நாகேஷுக்கும் பாலையாவுக்கும் வித்தியாசம் தெரிகிற அளவுக்குக்கூட இந்த லட்சுமிக்கும் அந்த லட்சுமிக்கும் வித்தியாசம் தெரியாது.

ஒரு வருஷம் ஒரு லட்சுமி படத்தைச் சுத்தம் பண்ணச் சொன்னார்கள். பண்ணினேன். மேல் இமைக்குக் கீழே ஓர் அழுக்குப் பட்டை மாதிரி இருந்ததை, ஃபிலிம் பழசாகிப் படிந்த கறை என்று நினைத்து எடுத்துவிட்டேன். கண் பளிச்சென்று ஆகிவிட்டது, எனக்கே பெருமை. ஆல்பம் போனது, ஆர்டரும் வந்தது, அச்சடித்தும் கொடுத்தாயிற்று. தீபாவளி முடிந்து ஒரு மளிகைக்கடை அண்ணாச்சி கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து காலண்டரோடு பஸ் ஏறி வந்துவிட்டார். பேப்பர் மட்டம் என்றோ கலர் வெளுப்பு என்றோ சொல்லப்போகிறார் என்று எதிர்பார்த்தோம். அவர் சொன்னது: "என்னல இது, ஆத்தா எங்களப் பாக்கவே மாட்டேங்கா. தலைக்கு மேல எங்கயோ பாக்கா."

பழைய பிரதியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நான் எடுத்துப்போட்டது கறையில்லை, இமை விழியின்மேல் போடுகிற நிழல். அது போனதும் கண் விரிந்து பார்வை எங்கோ போய்விட்டது.

கொண்டையராஜு 1898-ல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்தார், திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தில் கொஞ்ச காலம் இருந்தார், பிறகு நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரையப் போய், அந்தக் கம்பெனி கலைந்த இடமான கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார். 1976-ல் காலமாகும் வரை அவருக்கு அதுதான் ஊர். டி.எஸ்.சுப்பையா போன்ற சீடர்களும் அவரும் சேர்ந்து வரைந்த சாமிகள்தான் பக்கத்தில் சிவகாசியில் அச்சாகித் தமிழ்நாடு முழுக்கப் பூஜையறைச் சுவரேறின. நாடகத் திரை வரைந்த கை என்பதால்தான் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனையும் பார்க்கிற மாதிரி ஒரு முகத்தை வரைய அவருக்குத் தெரிந்திருந்தது என்பது என் கணிப்பு, நிரூபிக்கச் சொன்னால் முடியாது. "காலண்டர் ஓவியம்" என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் அந்த மளிகைக்கடை அண்ணாச்சிதான் நினைவுக்கு வருகிறார். ஒரு படத்தின் இமை நிழல் போனதைக் கண்டுபிடித்து, அதற்காகப் பஸ் ஏறி வந்து சண்டை போடுகிற ரசிகர் எத்தனை பெரிய ஓவியருக்குக் கிடைத்திருப்பார்?

சென்னைக்கு வந்த பிறகு வேலை கம்ப்யூட்டருக்கு மாறியது. பழைய பத்திரிகைத் தொடர்களைப் படங்களோடு மறுபடி புத்தகமாகப் போடுகிற வேலை ஒன்று வந்தது, அதில்தான் பத்திரிகை ஓவியர் கோபுலுவிடம் மாட்டினேன். மூலப் படங்கள் இல்லை, பழுப்பேறிய பத்திரிகைப் பக்கங்கள்தான். அந்தக் காலத்துப் பத்திரிகை அச்சு எப்படியென்றால், கோட்டுச் சித்திரத்தைத் துத்தநாகத் தகட்டில் பிளாக் எடுத்து, எழுத்தோடு சேர்த்துப் பூட்டி, மட்டமான நியூஸ்பிரிண்டில் அழுத்துவார்கள். மை பரவும். சில இடத்தில் அப்பிக்கொள்ளும், சில இடத்தில் ஒட்டவே ஒட்டாது. ஆக ஸ்கேன் பண்ணியதும் என் முதல் வேலை அப்பியதைச் செதுக்குவதும் விட்டுப்போனதை நிரப்புவதும்.

கச்சேரிக் காட்சி ஒன்று. பாடகர் கையை உயர்த்தியிருக்கிறார், பக்கவாத்தியங்கள், முன்னால் நாலைந்து தலைகள். பாடகரின் தோளிலிருந்து இறங்கும் கோடு பாதியில் காணவில்லை, முழங்கைக்குக் கீழே மறுபடி தொடங்குகிறது. மை ஒட்டவில்லை, கோடு தேய்ந்துவிட்டது என்று நினைத்து, பொறுமையாக, அதே தடிமனில், அதே வளைவில் இணைத்தேன். நல்ல வேலை, இன்றைக்குப் பார்த்தாலும் எது அவர் கோடு எது என் கோடு என்று கண்டுபிடிக்க முடியாது. ஆனால் தள்ளி நின்று பார்த்தால் பாடகர் பாடுவதை நிறுத்திவிட்டார்! கை தூக்கிய பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

அப்போது எங்களோடு மெய்ப்புப் பார்க்க ஒரு பெரியவர் வருவார், பத்திரிகைகளில் பல காலம் இருந்தவர். அவரிடம் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, அங்க அவர் பேனாவை எடுத்துட்டார்ப்பா. நீ எதுக்கு வச்ச?" என்றார். அவ்வளவுதான், வெற்றிலையை மடிக்கப் போய்விட்டார்.

அழித்தேன். பாடகர் மறுபடி பாட ஆரம்பித்தார். அதற்கப்புறம் அந்தத் தொகுப்பின் ஒவ்வொரு படத்திலும் விட்டுப்போன இடங்களைத்தான் பார்த்தேன். எங்கே மை ஒட்டவில்லை, எங்கே அவரே விட்டார் என்று பிரித்துக் கண்டுபிடிக்க ஒரு படத்துக்கு அரை நாள்கூட ஆனது, சூப்பர்வைசர் முறைத்துக்கொண்டே போவார். மை ஒட்டாத இடத்தில் கோட்டின் முனை மொட்டையாக, பிய்ந்த மாதிரி இருக்கும், கை எடுத்த இடத்தில் முனை மெலிந்து போய் முடியும். இது தெரிந்த பிறகு வேலை சுலபம். ஆனால் என்னை அசத்தியது வேறு. பிளாக் எப்படி எடுப்பார்கள், எந்தத் தாளில் எப்படி மை பரவும் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்தே இருந்திருக்க வேண்டும். நெருக்கமாகக் கோடு போட்டால் அச்சில் கரியாகிவிடும் என்று தெரிந்து, எவ்வளவு குறைவாகப் போட்டால் போதும் என்கிற இடத்துக்கு வந்து, அந்தக் குறைவிலேயே ஒரு தஞ்சாவூர்த் தெருவை, அதில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஆளின் சோம்பலை, எட்டிப் பார்க்கும் மாமியின் ஆர்வத்தையெல்லாம் கொண்டுவந்திருக்கிறார். 1924-ல் தஞ்சாவூரில் பிறந்து, கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்து, ஆனந்த விகடனில் மூத்த ஓவியர் மாலியின் நிழலில் வளர்ந்தவர். 'தில்லானா மோகனாம்பாள்' தொடருக்கு அவர் போட்ட படங்களைப் பார்த்தவர்களுக்கு சண்முகசுந்தரமும் மோகனாவும் சினிமாவுக்கு முன்பே முகத்தோடு இருந்தார்கள். வயதான காலத்தில் வலது கை செயலிழந்தபோது இடது கையால் வரையப் பழகிக்கொண்டார். எலிக்குச்சியை, அதாங்க மவுஸை, ஒரு வாரம் இடது கையால் பிடித்துப் பார்க்கலாம் என்று தொடங்கினேன், மூன்றாம் நாளே விட்டுவிட்டேன்.

சில்பி கதை வேறு. நாமக்கல்காரர், அந்தப் பெயரை வைத்தது மாலி. கோயில் கோயிலாகப் போய்ச் சிலைக்கு முன்னால் உட்கார்ந்து வரைந்தவர். உண்மையைச் சொன்னால் எனக்கு முதலில் அவர் படங்கள் அலுப்பாகத்தான் இருந்தன, இவ்வளவு நுணுக்கத்துக்கு ஃபோட்டோவே எடுத்துவிடலாமே என்று தோன்றியது. ஒருநாள் அவர் வரைந்த ஒரு தூணை ஸ்கேன் பண்ணிவிட்டு, அதே தூணின் புகைப்படத்தையும் பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். புகைப்படத்தில் இருட்டில் தொலைந்துபோயிருந்த யாளியின் பல்வரிசை ஓவியத்தில் இருந்தது. கேமராவுக்கு ஒரு நொடி வெளிச்சம் கிடைத்தது, அவர் வெளிச்சம் நகர்வதை நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்தவர். அதோடு வாயை மூடிக்கொண்டேன்.

கடைசியாக இளையராஜா, இசையமைப்பாளர் இல்லை, கும்பகோணம் பக்கத்து ஓவியர் எஸ்.இளையராஜா. கதவோரம் நிற்கிற பெண், செங்கல் சுவர், பித்தளைக் குடம், கன்னத்தில் விழுகிற வெயில். அவருடைய படம் ஒன்று சிறப்பு மலர் ஒன்றின் உள்பக்கத்துக்கு வந்தது. எங்கள் தொழிலில் மனிதத் தோல் என்றாலே கை தானாக ஒரு வேலை செய்யும். சியான் என்கிற நீல மையையும் கறுப்பையும் இறக்கு, மெஜந்தா என்கிற சிவப்பையும் மஞ்சளையும் விடு, "ஸ்கின் ஓப்பனா வரணும்" என்பார்கள். அதற்கென்று ஒரு செட்டிங்கே சேமித்து வைத்திருந்தேன், பெயர் 'தோல்'. ஒரு கிளிக். அந்தப் பெண்ணுக்கும் போட்டேன். புரூஃபைப் பார்த்த ஆசிரியர் "யாருங்க இது?" என்றார், கிண்டலாகக்கூட இல்லை, நிஜமாகவே.

சோப்பு விளம்பரத்துப் பெண் மாதிரி இருந்தாள். மறுபடி மூலத்தைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தேன். அந்தக் கறுப்பில் எவ்வளவு நீலம், நிழலில் பச்சை கலந்த ஒரு பழுப்பு, வெயில் படுகிற விளிம்பில் மட்டும் ஒரு செம்பு மினுக்கம். நான் இறக்கிவிட்ட சியானும் கறுப்பும்தான் அந்த முகமே. இருபது வருஷத்துக்கு மேல் எத்தனை முகங்களை இப்படி அலசி அனுப்பியிருப்பேன் என்று கணக்குப் போடத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டேன். இளையராஜா 2021 ஜூனில் கொரோனாவில் போய்விட்டார், நாற்பத்திரண்டு வயதுதான். அன்றைக்கு என் கைபேசியில் வந்த இரங்கல் படங்களில் முக்கால்வாசியில் யாரோ அதே மாதிரி அந்தப் பெண்களை வெளுத்திருந்தார்கள். நல்ல எண்ணத்தில்தான் பண்ணியிருப்பார்கள்.

'தோல்' செட்டிங்கை அன்று அழித்தேன். இரண்டு வாரம் தாக்குப்பிடித்தது. பிறகு ஒரு கல்யாண ஆல்பம் வந்தது, மணப்பெண்ணின் அம்மா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "பாப்பாவைக் கொஞ்சம் கலராக்குங்க சார்" என்றார். நல்ல களையான முகம், மாநிறத்துக்கும் கொஞ்சம் கூடுதல், மஞ்சள் விளக்கில் செம்பு மாதிரி இருந்தாள். "இப்படியே நல்லாருக்கும்மா" என்று சொல்லிப் பார்த்தேன். அவர் பதில் சொல்லாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டதில் பாதிதான் ஏற்றிக் கொடுத்தேன். மறுநாள் காலையில் ஆல்பத்தோடு திரும்பி வந்துவிட்டார்.