ஓடும் போட்டில் எக்கோ தரை காட்ட வேண்டுமென்றால்

எங்கள் ஃபைபர் போட்டில் எக்கோ சவுண்டர் (தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி, திரும்பிவரும் எதிரொலியால் கடல் தரையையும் ஆழத்தையும் திரையில் காட்டும் மெஷின்) இருந்தும் பாதி நேரம் இல்லாத மாதிரிதான். நங்கூரம் போட்டு நின்றால் தரை, பாரின் (கடலடிப் பாறைத் திட்டின்) முகடு, அதன்மேல் நிற்கும் மீன் எல்லாம் பிசிறில்லாமல் தெரியும். தூத்துக்குடியை விட்டு வெளியேறி 10 நாட் (மணிக்கு 10 கடல் மைல்) வேகம் பிடித்ததும் தரைக்கோடு அறுந்துவிடும்; ஆழ எண் பழைய இடத்திலேயே மினுக்கிக்கொண்டிருக்கும். பார் தேடிப் போகிறவனுக்கு ஓடும்போது தெரிந்தால்தானே பிரயோசனம்?

மெஷினையே மாற்றச் சொன்னான் மச்சான். அதற்கு முன் போட்டை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து இன்ஜினை மட்டும் கொஞ்சம் முறுக்கிப் பார்த்தோம். அப்போது திரையில் கோடுகள் விழுந்தால் அது மின்சாரத் தொல்லை. கேபிளை இன்ஜின் வயர்களிலிருந்து விலக்கிக் கட்ட வேண்டும். ஒன்றும் விழவில்லை. அப்படியென்றால் ஓடும்போது வரும் காற்றுக் குமிழிதான் காரணம். தண்ணீரில் நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் போகும் ஒலி, குமிழிப் படலத்தில் பட்டால் தரையைத் தொடாமலே சிதறிவிடும்.

மச்சானிடம் இன்ஜினைக் கொடுத்துவிட்டு, பின்பலகையைப் பிடித்தபடி தண்ணீரையே பார்த்தேன். நான் பார்த்ததிலேயே உபயோகமான வேலை இதுதான். போட்டின் அடியில் நீளவாக்கில் ஓடும் மேடுகளுக்கு நேர் பின்னால் வெள்ளையாக நுரை. இரண்டு மேடுகளுக்கு நடுவில் கண்ணாடி மாதிரித் தண்ணீர். கடையில் மாட்டிக் கொடுத்த டிரான்ஸ்டியூசர் (ஒலியை அனுப்பி வாங்கும், தண்ணீருக்குள் இருக்கும் பகுதி) சரியாக ஒரு மேட்டுக்குப் பின்னால், அதுவும் இடப்பக்கம் இருந்தது. பின்னாலிருந்து பார்த்தால் எங்கள் புரொப்பெல்லர் கடிகாரச் சுற்றில் சுற்றும். வலப்பக்கம் இலை கீழே இறங்கும், இடப்பக்கம் குமிழியோடு மேலே ஏறும். அதனால் வலப்பக்கமாக, புரொப்பெல்லரிலிருந்து ஒன்றேகால் அடிக்குமேல் தள்ளி, மேடு இல்லாத இடத்தைக் குறித்துக்கொண்டேன்.

பின்பலகையில் நேராகத் துளை போட எனக்கு மனசில்லை. ஒவ்வொரு முறை இடம் மாற்றும்போதும் புதுத் துளை, தண்ணீர் இறங்கினால் உள்ளே மரம் ஊறிப்போகும். கெட்டியான பிளாஸ்டிக் பலகை ஒன்றை முதலில் பதித்து, அதன்மேல் பிராக்கெட்டை மாட்டினேன். துளை போடும் பிட்டில் ஆழத்துக்கு டேப் சுற்றி, துளைவாயைக் கொஞ்சம் அகலப்படுத்தினால் மேல்பூச்சு வெடிக்காது. துளைக்குள் கடல்நீர் தாங்கும் சீலண்ட். ஸ்க்ரூ எல்லாம் உப்புத் தண்ணீரில் எளிதில் துருப்பிடிக்காத 316 ஸ்டீல்.

பொறுமை வேண்டியது உயரத்துக்கும் சாய்வுக்கும்தான். ஃபைபர் அடிப்பகுதியைவிட டிரான்ஸ்டியூசர் முகம் 3 மில்லிமீட்டர் கீழே இருக்கும்படி தொடங்கினேன். படம் அறுந்தால் இன்னொரு 3 மில்லிமீட்டர் இறக்கி மறுபடி ஓட்டம். ரொம்ப இறக்கினால் பின்னால் வால் மாதிரித் தண்ணீர் பீய்ச்சும், பிராக்கெட்டும் ஆட்டம் காணும். சாய்வு, பின்விளிம்பு ஒரு பொட்டு தாழ்ந்திருக்கும்படி. முன்விளிம்பு தாழ்ந்தால் முகத்துக்கு அடியில் காற்று சேர்ந்துவிடுகிறது. இன்னொன்று, வெறும் போட்டில் சரிபார்த்துப் பலனில்லை. ஐஸ் பெட்டி, வலை, ஆள் எல்லாம் ஏறியபின் பின்பக்கம் தாழ்கிறது, சாய்வும் மாறுகிறது. கடைசி அளவை முழுப் பாரத்தோடுதான் வைத்தேன்.

துளையே வேண்டாம், டிரான்ஸ்டியூசரைப் போட்டுக்குள்ளேயே அடிப்பகுதியில் ஒட்டிவிடு என்றும் ஒரு சித்தப்பா சொன்னார். கெட்டி ஃபைபராக இருந்தால் வேலை செய்யும். நடுவில் ஃபோம் இருந்தால் ஒலி இறங்காது. எங்கள் போட்டில் ஃபோம் உண்டு.

இப்போது 12 நாட் வேகத்திலும் தரைக்கோடு நிற்கிறது. முகத்தில் பாசி பிடித்தால் மட்டும் மங்கும். சோப்புத் தண்ணீரும் மெத்துத் துணியும் போதும், சுரண்டக் கூடாது. இடப்பக்கம் வேகமாக வளைத்தால் போட்டு அந்தப் பக்கம் சாய்ந்து, வலப்பக்கம் தூக்கி, படம் இன்னமும் அறுகிறது. அதனால் பாரைச் சுற்றும்போது வலப்பக்கமாகவே வளைக்கிறோம்.