பாராமோட்டாரைப் பறக்கத் தயார் செய்த அனுபவம்

செந்தூலில் குடியிருந்துகொண்டு பாராமோட்டார் வாங்கினால் எங்கே பறப்பாய் என்றுதான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். பாராமோட்டார் என்றால் முதுகில் எஞ்சினும் ப்ரொப்பெல்லரும் கட்டிக்கொண்டு, தலைக்கு மேலே பாராசூட் போன்ற துணி இறக்கையோடு பறப்பது. கோலாலம்பூருக்கு மேலே பறக்க முடியாது. ஒரு பக்கம் சுபாங் விமான நிலையம், தெற்கே சிப்பாங், நடுவில் இரட்டைக் கோபுரம், ஹெலிகாப்டர்கள், அதனால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. நாங்கள் லத்தார் நெடுஞ்சாலையைப் பிடித்து கோல சிலாங்கூர் போய், அங்கிருந்து தஞ்சோங் காராங் பக்கம் அறுவடை முடிந்த வயல்களுக்குப் போகிறோம். அனுமதி விஷயத்தையும் நிலத்துக்காரர்களிடம் பேசுவதையும் எங்கள் பயிற்சியாளர் பார்த்துக்கொள்கிறார். அவர் மலாய்க்காரர், எல்லாருக்கும் அபாங், அதாவது அண்ணன். இதில் புதிதாக இறங்குகிறவர்கள் முதலில் இப்படி ஒருவரைத் தேடிப் பிடியுங்கள், மிஷின் வாங்குவதெல்லாம் அதற்கு அப்புறம்தான். வீடியோ பார்த்துப் பறக்கக் கற்றுக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நான் வாங்கியது பழைய செட். ப்ரொப்பெல்லரைச் சுற்றியிருக்கும் கூண்டு நான்கு துண்டாக வந்தது, அதைக் கோர்ப்பது பெரிய வேலையில்லை. நேரம் போனது ப்ரொப்பெல்லரில்தான். ஆறு போல்ட், குறுக்கும் மறுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, கடைசியில் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச் வைத்துக் கையேட்டில் போட்ட அளவுக்குக் கொண்டுவர வேண்டும். என்னுடையதற்கு 8 நியூட்டன் மீட்டர். கை அளவுக்கு இறுக்கினால் போதும் என்று நினைக்காதீர்கள், கார்பன் ப்ரொப்பெல்லரை அளவுக்கு மீறி இறுக்கினால் நார் நசுங்கும். மரத்தில் செய்தது என்றால் நம் ஊர் ஈரத்துக்கு ஊதும், காய்ந்தால் சுருங்கும், போல்ட் தானாகவே தளர்ந்துவிடும், அதனால் அடிக்கடி ரென்ச் போட்டுப் பார்க்க வேண்டும். அப்புறம் ப்ரொப்பெல்லரைக் கையால் மெதுவாகச் சுற்றி, நுனிக்கும் கூண்டு வளையத்துக்கும் இடையே எல்லாப் பக்கமும் இடைவெளி ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்தேன். ஸ்பார்க் பிளக் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் சுற்ற வேண்டும், இதை எழுதாமல் விட மனம் வரவில்லை.

எஞ்சினை நிறுத்தும் கில் சுவிட்ச் விஷயத்தில் என்னோடு பறக்கும் அண்ணன் ஒருவர் கொடுத்த விளக்கம் மிகவும் உதவியாக இருந்தது. கிள்ளானில் மோட்டார் பட்டறை வைத்திருப்பவர். “தம்பி, இந்த பட்டன அமுக்குனா கரண்டு எர்த்துக்குப் போய் எஞ்சின் நிக்கும். ஒயரு அறுந்துட்டா என்ன ஆகும், சொல்லு” என்றார். ஒயர் அறுந்தால் பட்டன் வெறும் பட்டன், எஞ்சின் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே மல்டிமீட்டர் வைத்து, ஒயரை வளைத்து வளைத்துப் பார்த்துக்கொண்டே தொடர்பு விட்டுப்போகிறதா என்று சோதித்தோம். எஞ்சின் வேகத்தைக் கூட்டும் த்ராட்டில் பிடியை அமுக்கி விட்டால் கார்புரேட்டர் பக்கம் “டக்” என்று முழுசாகத் திரும்பி வரும் சத்தம் கேட்க வேண்டும். கேபிள் எங்கேயாவது ஹார்னஸ் (நாம் உட்காரும் வார் இருக்கை) வாருக்கு அடியில் மடங்கியிருந்தால் அந்தச் சத்தம் வராது, அப்படியே எஞ்சினைக் கிளப்பினால் எடுத்த எடுப்பிலேயே முழு வேகத்துக்குப் போய்விடும்.

அது ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்றால், 130 சென்டிமீட்டர் ப்ரொப்பெல்லர் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும்போது அதன் நுனி மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் போகிறது, எஞ்சின் 70 கிலோ எடைக்கு ஈடாகத் தள்ளுகிறது. ஒரு கையால் கூண்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஸ்டார்ட்டர் கயிற்றை இழுக்கிறவரால் அதைத் தடுக்க முடியாது. வானத்துக்கே போகாமல் தரையில் விரலையும் கையையும் இழந்தவர்கள் இந்த விளையாட்டில் இருக்கிறார்கள்.

அடுத்தது தொங்கவிட்டுப் பார்ப்பது. எங்கள் வீட்டு முன் போர்ச்சில் அப்பா காலத்தில் ஊஞ்சலுக்கென்று போட்ட இரும்பு விட்டம் இருக்கிறது, அதில் பட்டை கட்டி, ஹார்னஸை இறக்கையோடு இணைக்கும் இரண்டு கராபினர் கொக்கிகளையும் மாட்டி, பெட்ரோல் நிரப்பாமல் ஒரு தடவை, பெட்ரோல் எடைக்காக டேங்க்கோடு தண்ணீர் கேனைச் சேர்த்துக் கட்டி ஒரு தடவை என்று ஏறி உட்கார்ந்தேன். எஞ்சின் கொஞ்சம்போலப் பின்னால் சாய்ந்திருக்க வேண்டும், அதிகம் சாய்ந்தால் புறப்பட்டதும் ஆளை மல்லாத்திவிடும். கையைப் பின்னால் எவ்வளவு நீட்டினாலும் ப்ரொப்பெல்லர் எட்டக் கூடாது. ஆபத்துக்கு வைத்திருக்கும் ரிசர்வ் பாராசூட் பிடியைக் கண்ணை மூடிக்கொண்டு தொட முடிகிறதா என்று அண்ணன் திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னார். அம்மா கதவருகே நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள், ஒன்றும் சொல்லவில்லை.

எண்ணெய்க் கலவை பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். டூ-ஸ்ட்ரோக் எஞ்சின், என் கையேட்டில் 50க்கு 1, அதாவது 10 லிட்டர் பெட்ரோலுக்கு 200 மில்லி எண்ணெய். உங்கள் எஞ்சினுக்கு என்ன போட்டிருக்கிறதோ அதையே கலக்குங்கள். நான் ரோன் 97 ஊற்றுகிறேன். வேண்டிய அளவு மட்டும் கலந்து, மேலே தேதி எழுதி வைக்கிறேன், மாதக் கணக்கில் கிடந்த கலவையை ஊற்றுவதில்லை.

தாமானில் எஞ்சினை ஓட்ட முடியாது, சத்தம் அப்படி. முதல் ஓட்டம் வயலோரத்தில்தான். கூண்டைப் பட்டை வாரால் செம்பனை மரத்தோடு சேர்த்துக் கட்டி, பின்னாலும் பக்கவாட்டிலும் ஆளே இல்லை என்று பார்த்துக்கொண்டு, சத்தமாக “கிளியர்” சொல்லிவிட்டு இழுக்க வேண்டும். பக்கவாட்டை ஏன் சொல்கிறேன் என்றால், ப்ரொப்பெல்லர் உடைந்தால் சில்லு அந்தப் பக்கம்தான் தெறிக்கும். கிளம்பியதும் முதல் வேலை, மெதுவாக ஓடும்போதே கில் சுவிட்சை அமுக்கி நிற்கிறதா என்று பார்ப்பது. அது நின்ற பிறகுதான் எனக்கு மூச்சு சீராக வந்தது. பிறகு சூடேற்றி, ஏற்றி இறக்கி ஓட்டிவிட்டு, எக்ஸாஸ்ட் ஸ்பிரிங், ரப்பர் மவுண்ட், பெல்ட் எல்லாவற்றையும் ஆறிய பிறகு மறுபடி பார்த்தோம். டூ-ஸ்ட்ரோக் அதிர்வுக்கு எது வேண்டுமானாலும் தளரும்.

இறக்கைத் துணி வாங்கும்போது எடைக் கணக்கை மறந்துவிடாதீர்கள். அதில் போட்டிருக்கும் எடை வரம்பு உங்கள் எடை மட்டுமல்ல, மிஷின், பெட்ரோல், ஹெல்மெட், சப்பாத்து எல்லாம் சேர்த்து. என் மிஷின் மட்டும் 25 கிலோ, 10 லிட்டர் நிரப்பினால் இன்னும் 7 கிலோவுக்கு மேல். பழைய துணி என்றால் காற்று ஊடுருவும் சோதனையும் கயிறுகளின் நீளச் சோதனையும் செய்தபிறகே காசு கொடுங்கள். வெயிலும் ஈரமும் துணியைத் தின்னும், அது வெளியே பார்த்தால் தெரியாது.

பறக்கும் நாளில் முடிவெடுக்க வேண்டிய முதல் விஷயம் வானிலை. நம் பக்கம் மதியத்துக்கு மேல் இடி மழை, அது எல்லாருக்கும் தெரியும், அதனால் விடியற்காலைதான் நல்லது என்று நினைப்போம். மே முதல் செப்டம்பர் வரை அதிலும் ஒரு கண்டம் இருக்கிறது. சுமத்ரா பக்கம் இரவில் உருவாகும் புயற்காற்று வரிசை மலாக்கா நீரிணையைத் தாண்டி விடியும் நேரத்தில் சிலாங்கூர் கரைக்கு வரும். ஒரு நாள் நாலரை மணிக்கு எழுந்து வானிலை ஆய்வுத் துறையின் ரேடார் படத்தைப் பார்த்தால் நீரிணைமேல் வளைந்து ஒரு சிவப்புக் கோடு. வயலுக்குப் போய்ச் சேர்ந்தபோது வானத்தில் நட்சத்திரம், காற்றே இல்லை, எனக்கு ஆசை விடவில்லை. அபாங் துணிப் பையைத் திறக்கவே விடவில்லை, எல்லாரையும் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தார். தே தாரிக் ஆறுவதற்குள் கடைத் தகரக் கூரை படபடவென்று அடித்துக்கொண்டது, பிளாஸ்டிக் நாற்காலிகள் சாலைக்கு ஓடின. அந்த நேரத்தில் 150 மீட்டர் உயரத்தில் இருந்திருந்தால், மணிக்கு 40, 50 கிலோமீட்டர் மட்டுமே போகும் துணி பின்னோக்கித்தான் போயிருக்கும்.

நல்ல காலை அமைந்தால், துணியை விரித்து, கயிறுகளை வரிசை வரிசையாகக் கையில் எடுத்து, சிக்கு இருக்கிறதா, அறுவடைத் தாள் எதிலாவது மாட்டியிருக்கிறதா என்று பார்ப்பேன். இறக்கையின் சாய்வை மாற்றும் ட்ரிம்மர் வார் இரண்டு பக்கமும் ஒரே அளவில். கால் வார்தான் முதலில், அப்புறம்தான் மார்பு வார், இந்த வரிசையை மாற்றவே மாட்டேன். கால் வார் மாட்டாமல் மேலே போனால் ஹார்னஸிலிருந்து நழுவிவிடும். கராபினர் வாய் மூடியிருக்கிறதா, ரிசர்வ் ஊசி இடத்தில் இருக்கிறதா, பிரேக் கைப்பிடி காந்தத்தில் ஒட்டியிருக்கிறதா, பையில் சாவி, கைப்பேசி எதுவும் தொங்குகிறதா. சின்னச் சாவி ஒன்று பின்னால் விழுந்தால் ப்ரொப்பெல்லர் போச்சு. வயலைச் சுற்றித் தாலி ஆயர் என்னும் பாசன வாய்க்கால்கள் ஓடுவதால் மிதவையும் போட்டுக்கொள்கிறோம், 25 கிலோ முதுகில் கட்டியவர் இடுப்பளவுத் தண்ணீரில்கூட மூழ்குவார்.

இதைச் செய்யும்போது யாரும் பேசக் கூடாது என்பது எங்கள் குழுவின் சட்டம். கம்பத்துப் பிள்ளைகள் படம் எடுக்கக் கேட்டு வருவார்கள், பாவமாகத்தான் இருக்கும், ஆனாலும் நடுவில் ஒரு வார்த்தை பேசிவிட்டால் கால் வாரிலிருந்து மறுபடி தொடங்குவோம். நான் முடித்ததும் அண்ணன் வந்து எல்லாவற்றையும் தொட்டுப் பார்ப்பார், பிறகு நான் அவருடையதைத் தொட்டுப் பார்ப்பேன். இறுதியாக, எந்த வரப்புக்குள் கால் தரையை விடவில்லை என்றால் எஞ்சினை நிறுத்துவது என்று ஓடுவதற்கு முன்பே வாய்விட்டுச் சொல்லிக்கொள்வோம், மின்கம்பி எந்தப் பக்கம் என்றும் கையை நீட்டிக் காட்டிவிடுவோம்.

முதல் பறப்பு முடிந்து இறங்கியதும் ரென்ச் எடுத்து ப்ரொப்பெல்லர் போல்ட்டைப் பார்த்தேன், ஒன்று கால் சுற்று தளர்ந்திருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு பறப்புக்குப் பிறகும் அதுதான் முதல் வேலை. துணியை வெயில் படாமல் போர்ச் நிழலில் காய வைத்து மடிக்கிறேன், கார் பூட்டில் விடுவதில்லை. ரிசர்வ் பாராசூட்டைப் பிரித்து மடிக்கும் தேதி அடுத்த மாதம் வருகிறது, அதை அபாங்கிடம் கொடுத்து அவர் மடிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கப் போகிறேன்.