அரசு வேலை வேண்டி, அரண்மனை வேலையைத் துறந்தவரிடம்

தம்பிக்கு அரசு வேலை கிடைத்தால் கிறிஸ்தவ விசுவாசத்துக்காக உயிர்விட்ட மறைசாட்சி புனித தேவசகாயத்தின் கல்லறைக்கு வந்து நன்றி செலுத்துவதாக அம்மா நேர்ந்திருந்தார். நியமன ஆணை கைக்கு வந்ததும் ஆரல்வாய்மொழி காற்றாடிமலைக்கும் அங்கிருந்து கோட்டாறுக்குமாகப் புறப்பட்டோம்.

காற்றாடிமலையில் நல்ல கூட்டம். கணவாய்க் காற்றில் ஒரு திரியும் நின்று எரியாது என்று தெரிந்தே மெழுகுதிரிகளைக் கட்டுக்கட்டாகக் கையில் திணிப்பவர்களை என்ன சொல்வது? தட்டினால் மணிபோல ஒலிக்கும் மணியடிச்சான் பாறையைத் தட்டிப் பார்க்கவும் செல்ஃபி எடுக்கவும் முண்டியடித்தவர்களுக்கு நடுவே ஜெபமாலையை முடிப்பதே பெரும்பாடாகிவிட்டது. 1752 ஜனவரி 14 அன்று தேவசகாயம் சுட்டுக் கொல்லப்பட்ட இடம் அல்லவா அது!

திருவிதாங்கூர் அரண்மனையில் அலுவலராக இருந்த நீலகண்டன், டச்சுத் தளபதி டிலனாய் வழியாகக் கிறிஸ்துவை அறிந்து, 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று தேவசகாயம் ஆனார். அதன்பின் பதவி போயிற்று. எருமையின் மேல் பின்புறம் பார்த்தபடி உட்கார வைத்து ஊர் ஊராக இழுத்துச் சென்றார்கள். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் சிறை. விசுவாசத்தை விட்டிருந்தால் பழைய வாழ்வு திரும்பியிருக்கும். அரண்மனை உத்தியோகத்தைத் தூசாக எண்ணியவரிடம் போயா அரசு உத்தியோகம் கேட்டோம் என்ற உறுத்தல் வழியெல்லாம் எனக்கு இருந்தது.

கோட்டாறு புனித சவேரியார் பேராலயத்தில் அம்மா முழந்தாளிட்டு, நியமன ஆணையின் நகலைக் கல்லறைமேல் விரித்து உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். பின்னால் நின்றவர்கள் நகரச் சொல்லி அவசரப்படுத்தியது அவர் காதில் விழவே இல்லை. "ஐயா, வேலையை வாங்கிக் கொடுத்தீர். இனி இவன் லஞ்சத்துக்காக யாரிடமும் கை நீட்டாதபடி பார்த்துக்கொள்ளும். அப்படி ஒரு நாள் வருமானால் அதற்கு முன்பே இந்த வேலை போய்விடட்டும்" என்று வாய்விட்டே வேண்டினார். பக்கத்தில் நின்ற தம்பி கண் கலங்க "ஆமென்" என்றான்.

பிள்ளையின் வேலைக்கு எவ்வளவு கொடுத்தோம் என்பதைத் திருப்பலி முடிந்து ஆலய வாசலிலேயே கூச்சமின்றிப் பேசிக்கொள்ளும் நாம், அதற்குப் பிழைக்கத் தெரிந்த தன்மை என்று பெயரும் வைத்திருக்கிறோம். அந்தப் பேச்சுகளுக்கு நடுவே வளர்ந்த எனக்கு, கொடுத்த வரத்தையே திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லும் ஒரு மன்றாட்டைக் கேட்கும் பாக்கியம் கிடைத்தது. வேலைக்காக நன்றி ஆண்டவரே. இப்படி வேண்டத் தெரிந்த தாயைத் தந்ததற்காக அதைவிடப் பெரிய நன்றி. புனித தேவசகாயமே, என் தம்பிக்காக வேண்டிக்கொள்ளும்.