பேனாவை மூடிய பிறகு

பணி ஓய்வு பெறுகிறவர்களைப் பற்றி விழா மலரில் ஒரு பக்கம் எழுதும் வேலை 19 ஆண்டுகளாக என் தலையில்தான். யாரும் உத்தரவு போடவில்லை; ஒருமுறை நன்றாக எழுதிக் கொடுத்துவிட்டேன், அதுதான் நான் செய்த பிழை.

முதலில் பணிப்பதிவேட்டை எடுத்து வைத்துக்கொள்வேன். சேர்ந்த நாள், ஊதிய உயர்வு, இடமாறுதல், எடுத்த விடுப்பு, எடுக்காமல் விட்ட விடுப்பு எல்லாம் அதில் இருக்கும், ஆளைத் தவிர. பிறகு அவரை உட்காரவைத்துக் கேட்பேன். அநேகமாக எல்லோரும் பதிவேட்டில் உள்ளதையே திருப்பிச் சொல்வார்கள். எழுதி முடித்துப் பேனாவை மூடுவேன். அப்போதுதான், எழுந்திருக்கப் போனவர் மறுபடி உட்காருவார்.

அப்படி உட்கார்ந்த ஒரு ஸ்டோர் கீப்பரை மறக்க முடியாது. 34 ஆண்டுகள் இருப்புப் பதிவேட்டில் ஓர் எண்கூடப் பிசகாதவர் என்று பெயர் வாங்கியவர். சேர்ந்த இரண்டாம் ஆண்டு 12 பேரிங்குகள் குறைந்திருக்கின்றன. இருப்பதாக எழுதிவிட்டு, இரவெல்லாம் தூக்கம் வராமல், காலையில் தாமே மேலாளரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். அவர் திட்டவில்லையாம். "வா, நானும் எண்ணுகிறேன்" என்று கிடங்குத் தரையில் கூடவே உட்கார்ந்தாராம். "அதற்குப் பிறகுதான் சார் நான் ஒழுங்காக எண்ணத் தொடங்கினேன்" என்றார். அடுத்த மூச்சிலேயே, "இதை எழுதிவிடாதீர்கள்." எழுதவில்லை. மலரில் அவருடைய பக்கம் சப்பென்று இருந்தது.

இப்படி வரும் கதைகளில் பெரும்பாலானவை வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்தவை. நடுவயதைத் தாண்டியவர்களுக்குப் பத்து முதல் முப்பது வயது வரையிலான நினைவுகள் மிகுதியாக எழும் என்கிறது உளவியல். 1986-இல் டேவிட் ரூபினும் உடன் ஆய்வாளர்களும் இதை எழுதினார்கள். வாழ்வின் முதல் அனுபவங்கள் பலவும் அந்த வயதில் குவிவது ஒரு காரணமாம். எனக்குத் தோன்றும் காரணம் வேறு. அந்த வயதில்தான் நம் பிழையைப் பிறர் தாங்கிக்கொள்கிறார்கள். பிறகு தாங்குவது நம் முறையாகிவிடுகிறது.

இந்த ஆண்டு என் பக்கம். எதை எழுதுவது என்பதில் எனக்குக் குழப்பமே இருக்கவில்லை. சேர்ந்த நான்காம் ஆண்டு என் மனைவி ஆறு வாரம் மருத்துவமனையில் இருந்தபோது, பக்கத்து மேசைக்காரர் என் சம்பளப் பட்டியல்களையும் இரவில் உட்கார்ந்து போட்டார். காலையில் வந்து கையெழுத்து மட்டும் நான் போட்டேன். விதிப்படி தவறு. என் வேலை பிழைத்ததே அதனால்தான். ஆனால் எழுதினால் அவரும் அச்சில் ஏறுவார். என் கதை என்று நான் வைத்திருந்ததில் பாதி அவருடையது.

அவர் ஓய்வு பெற்று எட்டு ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய பக்கத்தை எழுதியவனும் நானே. பேனாவை மூடியதும் எழுந்து போய்விட்ட வெகு சிலரில் அவர் ஒருவர். தொலைபேசியில் அழைத்து, "எழுதலாமா அண்ணே?" என்று கேட்டேன்.

"எந்த ஆறு வாரம்?" என்றார்.

மருத்துவமனை, பட்டியல்கள், இரவு வேலை எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்தேன். பிடிபடவில்லை. "அதை விடு. என் கூட்டல் பிழையை அதிகாரி கண்ணில் படுவதற்குள் நீ திருத்தி வைத்தாயே, அதை எழுதினாயா?" என்றார்.

எனக்கு அப்படி ஒன்று நடந்ததாகவே நினைவில்லை. தாள் இன்னும் வெறுமையாகக் கிடக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும்.