அஃபிலியேட் லிங்குக்குத் தனி டொமைன்: போட்டதும் பட்டதும்

யூடியூபில் நூறு வீடியோவுக்குக் கீழே அஃபிலியேட் லிங்கை, அதாவது யாராவது அதன் வழியே வாங்கினால் உங்களுக்குக் கொமிஷன் தரும் லிங்கை, அப்படியே ஒட்டி வைத்திருக்கிறீர்கள். கடைக்காரர் ஒருநாள் நெட்வொர்க் (கடைக்கும் உங்களுக்கும் நடுவில் கொமிஷன் கணக்குப் பார்க்கும் நிறுவனம்) மாறுகிறார். நூறு இடத்திலும் போய்த் திருத்த வேண்டும். நடுவில் உங்களுடைய டொமைன் ஒன்று நின்று, வருகிறவரைக் கடைக்குத் திருப்பிவிட்டால் ஒரு இடத்தில் திருத்தினால் முடிந்தது. தனி டொமைன் போட இந்த ஒரு காரணமே போதும். லிங்க் குட்டியாக, அழகாக இருக்கும் என்பதெல்லாம் உபரி லாபம்.

லிங்கைக் குட்டியாக்கித் தரும் பொதுச் சுருக்கிகளை நம்பியவர்கள் கூகுளின் சுருக்கி பட்ட பாட்டைப் பார்த்திருப்பார்கள். 2019 மார்ச்சோடு புதிய லிங்க் போடுவது நின்றது. பழையவை 2025 ஆகஸ்டில் நிற்கும் என்று 2024இல் அறிவித்தார்கள். கடைசி நேரத்தில், பாவனையில் உள்ளவற்றை மட்டும் விட்டுவைப்பதாகச் சொன்னார்கள். இன்னொருவர் வீட்டுத் திண்ணையில் கடை போட்டால் இப்படித்தான்.

லிங்க் முழுவதும் உங்கள் சொந்தத் தளத்துக்குள்ளேயே இருக்கிறதென்றால் தனி டொமைன் தேவையில்லை, தளத்திலேயே ஒரு துணை ஃபோல்டர் போதும். வட்ஸ்அப் குழு, டெலிகிராம், பேஸ்புக் என்று வெளியே சுற்றும் லிங்க் என்றால் கட்டாயம் பிரித்து வையுங்கள். பேஸ்புக் ஒரு டொமைனைத் தடுத்தால் அதிலுள்ள எல்லாப் பக்கமும் சேர்ந்தே போகும். பிரதான தளத்தை அந்த ஆபத்தில் இழுத்துவிடக் கூடாது.

பெயர் தெரிவுதான் எங்களுக்கு அதிக நேரம் எடுத்தது. வெள்ளவத்தையில் பஸ்ஸுக்கு நிற்கிற ஒருவருக்குப் போனில் சொன்னால், திருப்பிக் கேட்காமல் அவர் டைப் பண்ண வேண்டும். தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் போடும்போது இங்கேதான் சறுக்கும். ‘வாழை’யின் ழகரத்துக்கு ஒருவர் இரண்டு எழுத்துப் போடுவார், இன்னொருவர் எல் போடுவார். ‘தேடல்’ என்றால் எச் வருமா வராதா என்று நாலு பேர் நாலு விதம். ழ, த, நெடில் மூன்றும் இல்லாத சொல்லாகப் பாருங்கள். கடையின் பெயரையோ பிராண்டின் பெயரையோ டொமைனுக்குள் நுழைக்காதீர்கள். வர்த்தகக் குறிப் பிரச்சினையில் டொமைனும் போகும், அஃபிலியேட் கணக்கும் போகும்.

தமிழிலேயே வைக்கலாமா என்று ஆசை வரும். ‘.இலங்கை’ என்ற பின்னொட்டு 2010இலிருந்து இருக்கிறது. ஆனால் அட்ரஸ் பாரில் இருந்து கொப்பி பண்ணி ஒட்டினால் பல இடங்களில் எக்ஸ்என், இரண்டு கோடு, பிறகு விளங்காத எழுத்துக் கோர்வை என்று வரும். வட்ஸ்அப்பில் அதைப் பார்க்கிறவர் மோசடி லிங்க் என்றே நினைப்பார். பதாகைக்கு நல்லது, லிங்குக்குச் சரிவராது.

முதல் வருடம் மலிவாகத் தரும் பின்னொட்டுகளில் இரண்டாம் வருட விலையைப் பார்த்துவிட்டே கார்டை எடுங்கள். பெயர் முன்பு யாரிடமாவது இருந்ததா என்று வேபேக் மெஷினிலும், கறுப்புப் பட்டியலில் இருக்கிறதா என்று ஸ்பாம்ஹவுஸிலும் தேடுங்கள், இரண்டும் இலவசம். வாங்கியதும் வரும் உறுதிப்படுத்தல் மின்னஞ்சலை 15 நாளுக்குள் கிளிக் பண்ணாவிட்டால் டொமைனை முடக்குவார்கள். அந்த மின்னஞ்சல் பெரும்பாலும் ஸ்பாம் ஃபோல்டரில்தான் கிடக்கும்.

இனி அமைப்பு. டொமைனுக்கு வரும் கோரிக்கைகளை நடுவில் நின்று கையாளும் கிளவுட்ஃப்ளேர் சேவையின் இலவசத் திட்டமே போதும், ஹோஸ்டிங் வாங்க வேண்டாம். நேம் சேர்வரை மாற்றிய பிறகு டிஎன்எஸ்ஸில் (டொமைன் பெயரை இலக்க முகவரியோடு இணைக்கும் பட்டியல்) ஒரு ஏ ரெக்கோர்ட் போட்டு 192.0.2.1 என்று கொடுங்கள். அது உதாரணங்களுக்கென்று ஒதுக்கிய முகவரி, அங்கே சேர்வர் எதுவும் இல்லை. பக்கத்திலுள்ள மேகக் குறி செம்மஞ்சளாக இருக்க வேண்டும். சாம்பலாக இருந்தால், வந்தவரை வேறு முகவரிக்குத் திருப்பும் ரீடைரக்ட் விதி ஓடாது. பிரவுசர் அந்த வெற்று முகவரியைத் தேடிப்போய்ச் சுற்றிக்கொண்டே நிற்கும். ‘செட் பண்ணிட்டேன், வேலை செய்யுதில்ல’ என்று கேட்கிறவர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது மேகத்தின் நிறத்தைத்தான். டபிள்யூ டபிள்யூ டபிள்யூ-க்கும் அதே ரெக்கோர்டைப் போட மறக்காதீர்கள்.

ஒற்றை ரீடைரக்ட் விதி இலவசத் திட்டத்தில் 10தான். அதற்கு மேல் போனால் பல்க் ரீடைரக்ட் பட்டியல், அல்லது வேர்க்கர் (கிளவுட்ஃப்ளேரிலேயே ஓடும் சின்ன ஸ்கிரிப்ட்) ஒன்று. வேர்க்கருக்கு ஒரு நாளைக்கு 1,00,000 கோரிக்கை வரை காசில்லை.

ரீடைரக்ட் இலக்கம் 302 ஆக இருக்கட்டும், அது தற்காலிகம். 301 நிரந்தரம் என்று அர்த்தம். பிரவுசர் அதை நினைவில் வைத்துக்கொள்ளும். நீங்கள் பிறகு இலக்கை மாற்றினாலும் ஒருமுறை வந்தவர் பழைய, செத்த பக்கத்துக்கே போவார். உங்கள் போனில் சரியாகவும் அவர் போனில் பிழையாகவும் தெரியும் மர்மத்துக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். உங்கள் பக்கம் ஒன்றைத் திறந்துவிட்டு அங்கிருந்து திருப்பும் மெட்டா ரிஃப்ரெஷ், ஜாவாஸ்கிரிப்ட் இரண்டாலும் திருப்பாதீர்கள். 302இல் கடைக்குப் போகும் ரெஃபரர் (வந்தவர் எந்தத் தளத்திலிருந்து வந்தார் என்ற குறிப்பு) நீங்கள் லிங்க் போட்ட தளமாகவே இருக்கும். மெட்டா ரிஃப்ரெஷில் அது நடுவிலுள்ள டொமைனாக மாறும். கணக்குத் திறக்கும்போது எழுதிக் கொடுத்த தளம் ஒன்று, கிளிக் வருகிற தளம் வேறு என்றால் நெட்வொர்க் விளக்கம் கேட்கும்.

கிளவுட்ஃப்ளேர் இல்லாமல் சொந்த ஹோஸ்டிங்கில், அப்பாச்சி சேர்வரில் செய்கிறவர்களுக்கு ஒரு பொறி இருக்கிறது. அவின் போன்ற நெட்வொர்க்கின் ஆழ்லிங்கில் (ஒரு பொருளின் பக்கத்துக்கே நேராகப் போகும் லிங்க்) கடைப் பக்கத்தின் முகவரி சதவீதக் குறிகளோடு உள்ளே மடிந்திருக்கும். ரீரைட் விதி, சதவீதக் குறியும் இலக்கமும் சேர்ந்து வந்தால் அதைத் தன்னுடைய மாறியாக எடுத்து விழுங்கிவிடும். ரவுட்டருக்கான மினி யூபிஎஸ் பக்கத்துக்குப் போக வேண்டியவர் கடையின் முகப்பில் போய் நிற்பார். ஒவ்வொரு சதவீதக் குறிக்கு முன்னும் பின்சாய்கோடு போட்டு, இறுதியில் என்இ கொடியும் சேர்த்தால் சரியாகும்.

இலக்கு முகவரியைக் கேள்விக்குறிக்குப் பிறகு வெளியிலிருந்து வாங்கி, அப்படியே திருப்பிவிடும் ஸ்கிரிப்ட் மட்டும் வேண்டாம். எழுத மூன்று வரிதான், ஆனால் யார் வேண்டுமானாலும் உங்கள் டொமைன் வழியாகப் போலி வங்கிப் பக்கத்துக்கு ஆளனுப்பலாம். பிறகு குரோமில் சிவப்பு எச்சரிக்கைப் பக்கம் வரும். பெயரும் இலக்கும் உங்கள் பட்டியலில் இருந்தால் மட்டும் திருப்புங்கள், இல்லாததை முகப்புக்கு அனுப்புங்கள். அந்த முகப்பு வெறுமையாக இருக்கக் கூடாது. யார் நடத்துகிறார்கள், எதற்கு இந்த டொமைன், தொடர்பு மின்னஞ்சல் என்று மூன்று வரியாவது இருக்கட்டும். இந்த டொமைனில் இருந்து மின்னஞ்சல் போகாது என்று எஸ்பிஎஃப், டிமார்க் ரெக்கோர்டுகளில் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் பெயரில் ஸ்பாம் போகும்.

அமேசான் லிங்கை இதற்குள் போடுவதில்லை. அமேசானுக்குத்தான் போகிறோம் என்பது தெரியாதபடி சுருக்குவதை அவர்களின் விதி தடுக்கிறது. அவர்களுடைய சொந்தச் சுருக்கியே இருக்கிறது, அதைப் பாவியுங்கள். கூகுள் விளம்பரத்திலும் இந்த டொமைன் உதவாது. காட்டும் டொமைனும் போய்ச் சேரும் டொமைனும் வேறாக இருந்தால் விளம்பரத்தை நிராகரிப்பார்கள்.

கொழும்பில் இருந்து எழுதினாலும் வாசகர்களில் பாதிப்பேர் டொரண்டோவிலும் லண்டனிலும் இருப்பார்கள். வேர்க்கரில் நாட்டுக் குறியீட்டைப் பார்த்து, இலங்கை என்றால் உள்ளூர்க் கடைக்கும் கனடா என்றால் அங்கே அனுப்பும் கடைக்கும் பிரிக்கலாம். எதிலும் சேராதவருக்கு ஒரு பொது இலக்கு கட்டாயம் வேண்டும். விபிஎன்னில் வருகிறவர் எங்கே போவார் என்று சொல்ல முடியாது. எந்த நாட்டுக்கு அனுப்பினாலும், வாங்கினால் எங்களுக்குக் கொமிஷன் கிடைக்கும் என்ற வரியை லிங்குக்கு மேலேயே எழுதுங்கள், பக்கத்தின் அடியில் அல்ல. தளத்தில் போடும் லிங்குக்கு, அது காசு கிடைக்கும் லிங்க் என்று தேடுபொறிக்குச் சொல்ல 2019இல் கூகுள் கொண்டுவந்த ‘ஸ்பொன்சர்ட்’ குறிப்பையும் சேருங்கள்.

கிளிக் எண்ணிக்கையைப் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள். லிங்கை ஒரு குழுவில் போட்ட நொடியிலேயே முன்னோட்டப் படம் எடுக்க பொட்கள் (தானியங்கி நிரல்கள்) வந்து தட்டும், அவையும் கிளிக்காக எண்ணப்படும். எந்த இடத்தில் போட்ட லிங்க் விற்றது என்று அறிய, நெட்வொர்க் தரும் துணை அடையாளத்தைப் பாவியுங்கள். அவினில் அது கிளிக்ரெஃப், சிஜே என்ற நெட்வொர்க்கில் எஸ்ஐடி. யூடியூபுக்கு ஒன்று, வட்ஸ்அப்புக்கு ஒன்று என்று பெயரைப் பிரித்தால் விற்பனை அறிக்கையிலேயே தெரியும்.

கடைசியாகப் புதுப்பித்தல். தானாகப் புதுப்பிக்கும் என்று விட்ட டொமைன்கள் கார்டு மாறிய மாதத்தில்தான் விழும். டொட் கொம்மில் காலாவதிக்குப் பிறகு 45 நாள் வரை அவகாசம் இருக்கலாம், அது பதிவு நிறுவனத்தைப் பொறுத்தது. அடுத்த 30 நாளில் கூடுதல் கட்டணத்தோடு மீட்கலாம். அதன் பிறகு 5 நாள் மீட்கவும் முடியாது, பிறகு யாரும் வாங்கலாம். லிங்குகள் ஏற்கனவே பரவிய டொமைன் என்பதால் காத்திருந்து வாங்குவார்கள். உங்கள் பழைய வீடியோவின் குக்கர் லிங்க் சூதாட்டத் தளத்துக்குப் போகும். ஆகக்கூடியது 10 வருடம் வரை பதியலாம், நாங்கள் 5 வருடத்துக்குக் கட்டி, வங்கிக் கார்டு காலாவதியாகும் திகதியையும் அதே நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறோம்.