கைவிட்ட பழக்கத்தைக் கேளுங்கள்

மொழித்திறனை அளக்கும் ஐரோப்பியப் பொது அளவுகோலில் சி1 என்று குறிக்கப்படும் உயர்நிலையை எட்டிய மாணவர்களுக்கு ‘இலக்குகளும் பழக்கங்களும்’ என்ற தலைப்பில் முதல் ஆங்கிலப் பேச்சு வகுப்பு எடுத்தபோது நான் பெரிதாகத் தயாரித்துக்கொண்டு போகவில்லை. எல்லோருக்கும் நன்றாகப் பேச வரும், தலைப்பும் எளிது, ஒரு மணி நேரம் தானாக ஓடிவிடும் என்ற நினைப்பு. இருபதாவது நிமிடத்தில் பேச்சு வற்றிவிட்டது. “உங்கள் வாழ்க்கை இலக்கு என்ன?” என்று கேட்டிருந்தேன். வேலை நேர்காணலுக்கு மனப்பாடம் செய்ததையே ஆளுக்கொரு முறை ஒப்பித்தார்கள். இலக்கணப் பிழை ஏதுமில்லை. காது கொடுத்துக் கேட்கவும் ஏதுமில்லை.

அடுத்த குழுவில் கேள்வியை மாற்றினேன். “ஆசையாகத் தொடங்கிச் சில வாரங்களில் கைவிட்ட பழக்கம் ஒன்றைச் சொல்லுங்கள்.” அதுவரை வாய் திறக்காத ஒருவர் பேச ஆரம்பித்தார். ஓடுவதற்கென்று காலணி வாங்கியது, பதினோரு நாள் ஓடியது, பன்னிரண்டாம் நாள் மழை பிடித்துக்கொண்டது, அன்றிலிருந்து அந்தக் காலணி கதவோரத்தில் கிடந்து தன்னை முறைப்பது. நடுவில் திணறினார். ‘திரும்பத் தொடங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் இருக்கிறேன்’ என்பதைச் சொல்ல அவரிடம் ஆங்கிலம் இல்லை. ‘ஐவ் பீன் மீனிங் டு’ என்று பலகையில் எழுதிக் கொடுத்தேன். அந்தப் பருவம் முடியும்வரை அவர் அதை விடவில்லை. வீட்டுப்பாடம் கேட்டபோதும் அதையே சொன்னார்.

தேர்ந்த மாணவர்களிடம் சொல்வளத்தை விட வினைச்சொல்லின் காலத்தில்தான் இடறல் அதிகம் என்பது அந்த வகுப்பில்தான் எனக்கு உறைத்தது. பழக்கம் என்பது ஒருகாலத்தில் இருந்து, நின்று, மீண்டும் வரப்பார்க்கும் சங்கதி. அதைச் சொல்லும்போது தமிழ் உள்ளிருந்து இழுக்கிறது. ‘தினமும் நடப்பேன்’ என்றால் நமக்கு அது பழக்கம், வடிவமோ எதிர்காலம். அதை அப்படியே ‘ஐ வில் வாக் எவ்ரி டே’ என்று சொன்னால் கேட்பவர் தீர்மானமாகவோ வாக்குறுதியாகவோ எடுத்துக்கொள்வார். ஆங்கிலத்திலும் ஒருவரின் குணத்தைச் சொல்ல ‘வில்’ வரும் என்பது உண்மைதான். ‘பேச ஆரம்பித்தால் மணிக்கணக்கில் பேசுவார்’ என்பது போன்ற இடங்கள் அவை. ஆகவே சிவப்பு மையை உடனே எடுக்காமல், எதைச் சொல்ல வந்தார் என்று முதலில் கேட்டுவிடுவது நல்லது.

‘யூஸ்டு டு’ கதை இதைவிட மோசம். மாதிரி நேர்காணல் ஒன்றில் மாணவி ஒருவர், ‘ஐ யூஸ்டு டு கெட் அப் அட் ஃபைவ்’ என்று பெருமையாகச் சொன்னார். எதிரே இருந்தவர் பரிவோடு, “ஏன் நிறுத்திவிட்டீர்கள்?” என்று கேட்டார். மாணவிக்குக் கேள்வியே புரியவில்லை. அன்று காலையும் அவர் ஐந்து மணிக்குத்தான் எழுந்திருந்தார். ‘எழுந்திருப்பது வழக்கம்’ என்பதை அவர் மொழிபெயர்த்திருக்கிறார். ஆங்கிலத்திலோ அந்தத் தொடர், பழக்கம் போய்விட்டது என்று சொல்லிவிடும். ‘ஐம் யூஸ்டு டு கெட்டிங் அப்’ என்றால் பழகிவிட்டது. ‘ஐம் கெட்டிங் யூஸ்டு டு’ என்றால் பழகிக்கொண்டிருக்கிறது. மூன்றையும் பலகையில் அடுத்தடுத்து எழுதினால் தலைதான் சுற்றும். ஒரே ஆளின் மூன்று பருவங்களாகக் கதை சொல்ல வைத்தால் பிடிபடுகிறது.

‘வுட்’ நமக்கு எளிது. ‘சின்ன வயதில் மொட்டைமாடியில் படுத்து நட்சத்திரம் எண்ணுவேன்’ என்பதில் உள்ள ‘எண்ணுவேன்’தான் அது. ஆனால் ‘அப்போது எனக்கு நீண்ட முடி இருக்கும்’ என்று தமிழ் இடம் கொடுக்கும்; ஆங்கிலம் கொடுக்காது. செயலுக்குத்தான் ‘வுட்’, நிலைக்கு ‘யூஸ்டு டு’. சி1 நிலையிலும் விழுகிற குழி இது.

சில இடங்களில் தமிழ் கைகொடுக்கிறது. ‘எப்போது பார்த்தாலும் சாவியைத் தொலைத்துக்கொண்டே இருக்கிறேன்’ என்ற சலிப்புக்கு ‘ஐம் ஆல்வேஸ் லூசிங் மை கீஸ்’ அச்சாகப் பொருந்துகிறது. ‘ஆண்டு முடிவதற்குள் முடித்திருப்பேன்’ என்றால் ‘ஐ வில் ஹேவ் ஃபினிஷ்ட்’. முழு ஆங்கில வகுப்பில் தாய்மொழி தலைகாட்டக் கூடாது என்பாரோடு எனக்கு இந்த ஓர் இடத்தில் உடன்பாடில்லை.

விவாதத்துக்குச் சரக்கு வேண்டுமென்றால் ‘21 நாளில் பழக்கம்’ என்ற நம்பிக்கையை எடுத்துப் போடுங்கள். மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் அறுவை மருத்துவர் 1960இல் எழுதியதிலிருந்து பரவியது அது. புதிய முகத்துக்கு நோயாளிகள் பழகிக்கொள்ளக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்பதே அவர் கவனித்தது. அதாவது அது ‘கெட் யூஸ்டு டு’ பற்றிய பேச்சு. பின்னால் வந்தவர்கள் புதுப் பழக்கம் உண்டாக்குவதாக அதை மாற்றிக்கொண்டார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் சக ஆய்வாளர்களும் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில் ஒரு பழக்கம் தானாக வர நடுமதிப்பாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது. ஒரு நாள் தவறினால் பெரிதாக எதுவும் கெட்டுவிடவில்லை என்பதும் அதில் உண்டு. இதைச் சொன்னதும் ஓட்டக்காரர் மழையை மன்னித்துவிட்டார். வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. ‘டெண்ட் டு’, ‘அன்லெஸ்’, ‘ஈவன் இஃப்’ எல்லாம் நான் கேட்காமலே வந்து விழுந்தன.

ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐஈஎல்டிஎஸ் தேர்வு எழுதப் போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. பேச்சுத் தேர்வு மொத்தம் 11 முதல் 14 நிமிடம். இரண்டாம் பகுதியில் தலைப்பு அட்டையைக் கொடுத்து, தயாராக ஒரு நிமிடம், பேச ஒன்று முதல் இரண்டு நிமிடம் தருவார்கள். எட்ட நினைக்கும் இலக்கைப் பற்றிப் பேசச் சொன்னால் பெரிய கனவை எடுக்காதீர்கள். 40 விநாடியில் தீர்ந்துவிடும். நீச்சல் கற்பது போன்ற சின்ன இலக்கு போதும். எப்போது தோன்றியது, எது தடுத்தது, இப்போது எங்கே நிற்கிறேன் என்று போனால் இரண்டு நிமிடமும் போதாது. வகுப்பில் ஒரே கதையை மூன்று பேரிடம், நான்கு, மூன்று, இரண்டு நிமிடம் என்று சுருக்கிச் சொல்ல வைக்கிறேன். மூன்றாவது முறை சொல்லும்போது திக்கல் பெரும்பாலும் போய்விடுகிறது.

பேசும்போது நடுவில் திருத்துவதில்லை. ஒரு தாளில் குறித்துக்கொண்டு, யார் சொன்னது என்று சொல்லாமல் கடைசிப் பத்து நிமிடத்தில் பலகையில் ஏற்றுவேன்.

சொந்தப் பழக்கம் என்பது எல்லோருக்கும் வெளியில் சொல்லக்கூடியதாக இருக்காது. உடல் எடை, குடி, கடன் என்று பேச்சு போய்விடும். ஒருமுறை ஒரு மாணவர் பாதியில் நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்க வெளியே போனார். அந்தத் தலைப்பை நான்தான் அவரிடம் வற்புறுத்தியிருந்தேன். அதிலிருந்து, “உங்கள் கதையாக இருக்கலாம், தெரிந்தவர் கதையாக இருக்கலாம், கற்பனையாகவும் இருக்கலாம், எது என்று யாரும் கேட்க மாட்டோம்” என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்குகிறேன். முதல் கதை என்னுடையது. மூன்று முறை கற்றுக்கொள்ளத் தொடங்கி மூன்று முறையும் நிறுத்திய வீணையைப் பற்றிச் சொல்வேன்.