இரண்டாவது பட்டினி

மூன்று வருஷமாக வலிப்பு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார் அந்தப் பெண். விடியற்காலையில் குழப்பமாகப் பேசுவார், சில நாள் கைகால் வெட்டி இழுக்கும். நான் அப்போது நாளமில்லாச் சுரப்பித் துறையில் மேற்படிப்பு மாணவி. அவருடைய கணவர் பேச்சுவாக்கில் சொன்னார்: "ரெண்டு ஸ்பூன் சர்க்கரை கரைச்சுக் குடுத்தா எந்திரிச்சிடுவா மேடம்." அதற்குப் பிறகுதான் எங்களுக்குக் கணையத்தின் மேல் சந்தேகம் வந்தது.

கணையத்தில் வரும் இன்சுலினோமா என்கிற கட்டி ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் 1 முதல் 4 பேருக்கு வருவது. பெரும்பாலும் 2 செ.மீ.க்கும் சிறியது. வயிறு காய்ந்தாலும் இன்சுலின் சுரப்பதை நிறுத்தாது. எடுத்தவுடன் ஸ்கேனுக்கு ஓடக் கூடாது, முதலில் ரத்தத்தில் நிரூபிக்க வேண்டும். நோயாளியை வார்டில் வைத்து 72 மணி நேரம் வரை பட்டினி போடுவோம். சர்க்கரை 55-க்குக் கீழே இறங்கி, அறிகுறியும் தெரிகிற அந்தச் சில நிமிஷத்துக்குள் ரத்தம் எடுத்தாக வேண்டும். அப்புறம்தான் குளுக்கோஸ்.

14-ஆவது மணி நேரத்தில் என்னைத் தன் தங்கை என்று நினைத்துப் பேச ஆரம்பித்தார். குளுக்கோமீட்டர் 41 காட்டியது. நரம்பு கிடைக்கவில்லை. மெல்லிய ஊசியில் பதற்றத்தோடு வேகமாக இழுத்தேன். சிவப்பணுக்கள் உடைந்துவிட்டன. உடைந்த அணுக்களிலிருந்து வரும் நொதி இன்சுலினைச் சிதைத்துவிடும், அளவு பொய்யாகக் குறைந்து தெரியும். லேபில் அந்த ரத்தத்தை ஏற்கவில்லை. அவர்கள் செய்தது சரி.

மறுபடியும் பட்டினி என்று சொல்ல நானே போனேன். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. "இருந்துக்கறேன் டாக்டரம்மா, நீங்க சாப்பிட்டீங்களா?" என்றார்.

இந்த முறை பெரிய ஊசியை முன்கூட்டியே போட்டு வைத்தேன். சர்க்கரை 38, இன்சுலின் 19. அந்த நேரத்தில் இன்சுலின் 3-க்குள் அடங்கியிருக்க வேண்டும். உடம்பு தானே இன்சுலின் சுரக்கும்போது கூடவே வரும் சி-பெப்டைடும் கூடுதல், ஆக வெளியிலிருந்து போட்ட இன்சுலின் ஊசி இல்லை. வீட்டில் மாமியாருக்குச் சர்க்கரை நோய். அவருடைய மாத்திரை தவறி உள்ளே போயிருந்தாலும் இதே கணக்குதான் வரும் என்பதால் அதற்கும் பரிசோதித்தோம். இல்லை.

சிடி ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. எண்டோஸ்கோப்பி வழியாகச் செய்த அல்ட்ராசவுண்டில் கணையத்தின் வால் பகுதியில் 12 மி.மீ. கட்டி இருந்தது. அறுவை சிகிச்சையில் அதை எடுத்தார்கள்.

வீட்டுக்குப் போகிற அன்று காலை பத்து மணி வரை அவர் சாப்பிடவில்லை. மருமகள் பிரசவத்தைப் பற்றி நர்ஸிடம் பேசிக்கொண்டிருந்தார். இட்லிப் பொட்டலம் பிரிக்காமல் கட்டில் மேல் கிடந்தது.